பழைய படகும் புதிய படகும்: விலையையும் கட்டுமானத்தையும் ஒப்பிடும் முறை

திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கே திருத்தணி மலையும் கிழக்கே பழவேற்காட்டுக் கடற்கரையும் இருக்கின்றனவாதலால், கே.ஜி.கண்டிகை போன்றதோர் உள்நாட்டு ஊரில் மாந்தோப்பும் கரும்பு நிலமும் வைத்திருக்கும் ஒருவர், கடற்கரையிலுள்ள சிநேகிதரோடு கூட்டுச் சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வாங்க நினைப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கயிற்றைக் கையில் வாங்காத அதே மனிதர், படகு என்று வந்தவுடன் பெயிண்டின் பளபளப்பைக் கண்டு அட்வான்ஸைக் கொடுத்துவிடுகிறாரே, அதுதான் அதிசயம்.

ஏற்கெனவே கடலில் ஓடிய படகுகளுள் வயது சென்றதை மலிவாக வாங்குவதா, இரண்டொரு வருஷமே ஓடியதைக் கூடுதல் விலைக்கு வாங்குவதா என்ற கேள்விக்கு விடை காணும் முறையை இந்த அத்தியாயம் சொல்கிறது. மீன்பிடி ஃபைபர் படகை முன்னிறுத்தியே எழுதுகிறேன். உல்லாசப் பாய்ப்படகாகிய யாட் வாங்க நினைப்பவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்; இரண்டின் உடலும் கண்ணாடி இழையையும் ரெசினையும் கொண்டு அடுக்கடுக்காக ஒட்டி வார்க்கப்படுவதே. யாட்டுக்கு மட்டும் உரிய விஷயங்களைத் தனியே சொல்லியிருக்கிறேன்.

வயதை மட்டும் கேட்டால் போதாது

பழையது என்றால் மட்டம், புதியது என்றால் உசத்தி என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். படகு எத்தனை வருஷம் ஆனது என்பதைக் காட்டிலும், எந்தச் சூழ்நிலையில், எவ்வளவு அவசரத்தில் வார்க்கப்பட்டது என்பதே முக்கியம்.

நம் கரையிலேயே இதற்குத் திருஷ்டாந்தம் உண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த சுனாமிக்கு முன்பு, தமிழகக் கரையில் மரக் கட்டுமரங்களே மிகுதி. ஃபைபர் படகுகள் அப்போதுதான் பரவி வந்தன. ஆழிப்பேரலை கட்டுமரங்களையும் வள்ளங்களையும் ஒருசேர வாரிக்கொண்டு போனபின், நிவாரணப் பணம் நாலா திசைகளிலிருந்தும் வந்து குவியவே, படகு வேண்டும், உடனே வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில் கரை நெடுகிலும் புதுப் பட்டறைகள் முளைத்தன. அவற்றுள் பல அதற்குமுன் படகே கட்டியிராதவை. மேட் என்ற இழைவிரிப்பும் ரெசினும் சிக்கனப்பட்டன. அச்சிலிருந்து உடல் இறுகுவதற்கு முன்பே பிரித்தெடுக்கப்பட்டது. எல்லாப் பட்டறையும் அப்படி என்று சொல்வது அநியாயம். ஆனால் 2005, 2006 என்று சொல்லப்படும் படகைப் பார்க்கும்போது, அதற்கு முந்திய படகுக்குக் காட்டும் நம்பிக்கையைக் காட்டாதிருப்பதே விவேகம். அவற்றுள் இன்றைக்கும் கடலுக்குப் போகிறவை, நன்றாகக் கட்டப்பட்டவையாகவோ, பலமுறை பூசி மெழுகப்பட்டவையாகவோதான் இருக்க முடியும். எது என்பதைத் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேல்நாட்டு யாட்டுகளின் சரித்திரமும் ஏறக்குறைய இதேதான். 1960-களில் கண்ணாடி இழையின் பலம் எவ்வளவு என்பது கட்டுகிறவர்களுக்கே சரியாகத் தெரியாததால், மரப்பலகையின் கனத்தை மனத்தில் வைத்துக்கொண்டு தாராளமாகப் பூசினார்கள். 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும், எண்ணெயிலிருந்து பிறக்கும் ரெசினும் விலை ஏற, கை சுருங்கியது. 1970-களிலும் 80-களிலும் வந்த படகுகள் பலவற்றில் அடிப்பாகத்தில் கொப்புளம் கிளம்பும் வியாதி பரவியது. பிறகு ஐசோ, வைனில் எஸ்டர் முதலிய மேலான ரெசின்கள் வந்து அந்த வியாதியைப் பெரிதும் குறைத்தன. அதே சமயம், உடல் மெலிந்து, உள்ளே சட்டம் போன்ற ஒரு வார்ப்பைப் பசையிட்டு ஒட்டிப் பலம் சேர்க்கும் முறையும் பரவியது. அந்த ஒட்டு விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை 2014 மே மாதம் அட்லாண்டிக் சமுத்திரத்தில் 'சீக்கி ரஃபிக்கி' என்ற யாட்டின் கதி காட்டிற்று. 2006-இல் கட்டப்பட்ட அந்தப் படகின் அடியிலுள்ள பாரமான கீல் கழன்றுபோய், அதிலிருந்த நால்வரும் உயிரிழந்தார்கள். முன்பு தரைதட்டியதனால் உள்ளொட்டு பலவீனப்பட்டிருக்கக்கூடும் என்று விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. கீல் கழன்றபோது அந்தப் படகுக்கு எட்டு வயதுதான்.

மறுபக்கமும் உண்டு. 1988-க்கு முன் வரையப்பட்ட மாதிரிகளையே அனுமதிக்கும் 'கோல்டன் குளோப்' பந்தயத்தில், நம் கடற்படையில் இருந்த அபிலாஷ் டோமி, 'பயானத்' என்ற ரஸ்லர் 36 ரகப் படகில் உலகைத் தனியே சுற்றி, 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். புறப்படுமுன் அந்தப் படகுக்குச் செய்த பராமரிப்பும் பலப்படுத்தலும் சாமானியமானவை அல்ல. கோவாவில் கட்டப்பட்டு 2017-இல் கடற்படையில் சேர்ந்த 'தாரிணி', அந்த வருஷமே ஆறு பெண் அதிகாரிகளோடு உலகைச் சுற்றப் புறப்பட்டு, 2018 மே மாதத்தில் திரும்பியது. 2024 அக்டோபரில் தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா ஆகிய இரு பெண் அதிகாரிகளோடு மீண்டும் புறப்பட்டு 2025 மே மாதத்தில் திரும்பியது. பார்த்துப் பார்த்துப் பராமரித்த உடலுக்கு வயது ஒரு பொருட்டல்ல.

படகைப் பார்க்கப் போகும் முன்

படகு கரையில் ஏறி, வலையும் ஐஸ்பெட்டியும் இறக்கப்பட்டு, கழுவி, ஒரு நாளாவது காய்ந்து இருக்க வேண்டும் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தண்ணீரில் மிதக்கும் படகைப் பார்த்து விலை பேசுவது, முகத்தை மூடிக்கொண்டிருப்பவரைப் பெண் பார்த்ததாகச் சொல்லிக்கொள்வதற்குச் சமானம். போகிற நேரம் காலையாக இருக்கட்டும். சாய்ந்து விழும் வெயிலில் தெரியும் மேடுபள்ளம் உச்சிவெயிலில் தெரியாது. எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை: "அண்ணே, நான் வந்தப்புறம் ஸ்டார்ட் பண்ணலாம், அதுவரைக்கும் தொடாதீங்க" என்று போனிலேயே சொல்லி வையுங்கள். சூடான எஞ்சின் எல்லாமே நல்ல எஞ்சின்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: பிளாஸ்டிக் தலை கொண்ட சிறிய சுத்தியல் (இல்லையேல் ஒரு ரூபாய் நாணயம்), டார்ச், குண்டூசி, பழைய துணி, சாக்பீஸ், நோட்டு. கூடவே, விற்பவருக்கு உறவில்லாத ஒரு ஃபைபர் பட்டறைக்காரர். அவருக்குக் கொடுக்கும் கூலியை மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம்.

உடலைச் சோதிக்கும் வரிசை

1. தள்ளி நின்று பாருங்கள். படகின் பின்புறத்தில் குனிந்து, பக்கவாட்டின் மேல் கண்ணை ஓட்டுங்கள். பரப்பு அலையலையாகத் தெரிந்தால், இறுகுமுன் அச்சிலிருந்து எடுத்தது அல்லது மேட் போதாமல் போனது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல வளைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

2. உள்ளங்கையால் அழுத்துங்கள். பக்கவாட்டின் நடுவில், குறுக்குப் பலகைகளுக்கு இடையில் முழு பலத்தோடு அழுத்தும்போது டப்பாத் தகரம் போல உள்ளே போய் வெளியே வந்தால், அந்த உடல் மெலிவானது. பழைய படகு அசையாமலும் புதிய படகு அமுங்கியும் இருப்பதை நீங்களே காணக்கூடும். காணும்போது நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

3. தட்டிக் கேளுங்கள். இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். அணியத்திலிருந்து, அதாவது முன்முனையிலிருந்து தொடங்கி, ஒரு சாண் இடைவெளியில் மெதுவாகத் தட்டிக்கொண்டே பின்னால் வாருங்கள். ஆரோக்கியமான அடுக்கு கணீரென்று ஒரே குரலில் பேசும். அடுக்குகள் பிரிந்த இடத்திலும், உள்ளே மரம் உளுத்த இடத்திலும், சத்தம் சட்டென்று அடங்கி 'பொத்'தென்று விழும். குறுக்குச் சட்டம் உள்ள இடத்திலும் சத்தம் மாறுமாதலால், உள்ளே எட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். சத்தம் கெட்ட இடத்தைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அரை மணி நேரம் சென்றபின் தள்ளி நின்று பார்த்தால், வட்டங்கள் தாமே கதை சொல்லும்: அங்கொன்று இங்கொன்றாக இருந்தால் சில்லறைப் பழுது, ஏராவை (அடிப்பாகத்தின் நடு முதுகை) ஒட்டி வரிசையாக இருந்தால் அந்தப் படகு எதன்மீதோ மோதியிருக்கிறது.

4. ஏராவைத் தடவுங்கள். மணலில் இழுத்து ஏற்றும் படகுக்கு முதலில் தேய்வது அடிப்பாகம். ஜெல்கோட் என்ற மேற்பூச்சுப் போய், இழை நார்நாராக வெளியே தெரிந்தால் தண்ணீர் உள்ளே போக வழி திறந்துவிட்டது. தேய்வு மட்டும் என்றால் புதிய அடுக்குப் போட்டுச் சரி செய்துவிடலாம். அதற்காகப் பயந்து ஒரு நல்ல படகை விட்டுவிட வேண்டாம்.

5. வெடிப்பை வாசியுங்கள். வெயிலில் காய்ந்து ஜெல்கோட்டில் விழுந்த மெல்லிய கோடுகள் மேலோட்டமானவை. ஒரே புள்ளியிலிருந்து நட்சத்திரம் போலப் பரவியிருந்தால் அங்கே அடி விழுந்திருக்கிறது. ஒரு மூலையை ஒட்டி இணைகோடுகளாக இருந்தால், அந்த இடம் ஒவ்வோர் அலைக்கும் வளைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதுவே மூன்றிலும் மோசமானது.

6. கொப்புளத்தைக் குத்துங்கள். விற்பவரின் அனுமதியோடு, அடிப்பாகத்தில் காணும் ஒரு கொப்புளத்தை, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, முகத்தை விலக்கிக் குண்டூசியால் குத்திப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் அது பெயிண்டின் கோளாறு. பிசுபிசுத்த நீர் பீறிட்டு, புளித்த காடி வாசனை அடித்தால், உடலுக்குள் நீர் புகுந்து ரெசினைக் கரைக்கத் தொடங்கிவிட்டது. கடலில் நிரந்தரமாகக் கட்டிக் கிடக்கும் யாட்டுகளில் இது சகஜம். தினமும் கரையேறும் படகில் குறைவு.

7. எஞ்சின் மாட்டும் பின்பலகை. இது பெரும்பாலும் இழைக்குள் மரம் வைத்து மூடியது. எஞ்சினின் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது பலகையும் சேர்ந்து அசைந்தால், போல்ட் துளை வழியே நீர் இறங்கி மரம் உளுத்துவிட்டது. இதை மாற்றுவது பெரிய வேலை.

8. மிதவை அறைகள். மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். நுரை அடைத்த அறையில் நீர் புகுந்தால் அது வெளியேறுவதே இல்லை. படகு வருஷத்துக்கு வருஷம் கனத்துக்கொண்டே போகும். "முன்னே எத்தனை பேர் தூக்குவீங்க, இப்ப எத்தனை பேர் தூக்குறீங்க?" என்று தொழிலாளியிடம், முதலாளி இல்லாத சமயம் கேளுங்கள்.

குறிப்பு: கம்பி, குழாய் முதலியவற்றுக்காகப் போட்ட துளை எங்கேனும் இருந்தால், அதன் விளிம்பே உங்களுக்குப் புத்தகம். எத்தனை அடுக்கு, கனம் எவ்வளவு, மேட் மட்டுமா ரோவிங் என்ற நெய்த இழையும் உண்டா, இடையில் காற்றுக் குமிழி உண்டா என்பதெல்லாம் அங்கே கண்ணுக்கே தெரியும்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளிர்ந்த நிலையில் எத்தனை இழுப்பில் எழுகிறது, குளிரூட்டும் நீர் தடையின்றிப் பீச்சுகிறதா, கியர் ஆயில் பால் போல வெளுத்திருக்கிறதா (வெளுத்தால் நீர் கலந்தது), எஞ்சின் எண் காகிதத்தோடு ஒத்துப்போகிறதா என்ற நான்கையும் பார்த்தால் முக்கால்வாசி தெரிந்துவிடும். எஞ்சின் தேய்ந்தால் வேறு வாங்கலாம். உடல் போனால் படகே போயிற்று.

விலையை ஒப்பிடும் கணக்கு

விற்பவர் படகு, எஞ்சின், வலை மூன்றையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்வார். அதை அப்படியே ஏற்றுக்கொண்டால் ஒப்பிடவே முடியாது.

1. ஒரே நீளமும் ஒரே உபயோகமும் உள்ள படகுகளை மட்டும் ஒப்பிடுங்கள்.
2. எஞ்சினுக்கும் வலைக்கும் தனியே சந்தை விலை விசாரித்துக் கழித்து, உடலின் விலையைப் பிரித்தெடுங்கள்.
3. சாக்பீஸ் வட்டங்களைக் காட்டி, பட்டறைக்காரரிடம் பழுதுச் செலவை எழுதி வாங்குங்கள்.
4. பழுது பார்த்தபின் இன்னும் எத்தனை வருஷம் உழைக்கும் என்று அவரிடமே கேளுங்கள்; அவர் சொன்னதில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.
5. உடல் விலையையும் பழுதுச் செலவையும் கூட்டி, அந்த வருஷத்தால் வகுங்கள்.

கணக்குக்காகச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். இவை சந்தை நிலவரம் அல்ல. பழைய உடல் 1,20,000 ரூபாய், பழுது 60,000, உழைப்பு 5 வருஷம் என்றால் வருஷத்துக்கு 36,000. புதிய உடல் 2,60,000, பழுது 10,000, உழைப்பு 9 வருஷம் என்றால் வருஷத்துக்கு 30,000. பாதி விலைக்கும் குறைவாகக் கிடைத்த பழையதே உண்மையில் விலை அதிகம். இந்தக் கணக்கு பேரத்துக்கும் உதவும்: பழையதை 90,000-க்கு இறக்கினால் இரண்டும் சமம். அதற்கு மேல் ஒரு ரூபாயும் ஏறாதீர்கள். அதற்குக் கீழே வந்தால், கையில் மிஞ்சும் முதலுக்காகவே பழையதை எடுப்பேன் நான்.

யாட் வாங்குபவருக்கு மட்டும்

சென்னைத் துறைமுகத்தில் 1911-இல் தோன்றிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்றும் இருக்கிறது; அத்தகைய இடத்தில் ஓரிரு மாதம் பிறர் படகில் மாலுமியாக வேலை செய்து பழகாமல் சொந்தமாக யாட் வாங்குவது உசிதமன்று. ஐரோப்பாவில் 1998 முதல் விற்கப்படும் படகுகளில், எந்தக் கடலுக்குத் தகுதி என்பதை ஏ, பி, சி, டி என்ற எழுத்தால் குறித்திருப்பார்கள், ஆழ்கடலுக்கு ஏ. உடலில் பொறித்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் மாதிரி வருஷத்தைக் காட்டும், விற்பவர் சொன்னதோடு ஒப்பிடுங்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் பார்வைக்குப் பழுதின்றி இருந்தாலும் எப்போது மாற்றினார்கள் என்று கேட்டு, பதில் இல்லையேல் புதுக்கம்பிச் செலவைக் கணக்கில் சேருங்கள். கீல் உடலோடு சேரும் இடத்தில் கோடு போல இடைவெளி தெரிகிறதா, உள்ளே போல்ட்டுகளைச் சுற்றித் துரு வடிந்திருக்கிறதா, தரைதட்டிய சரித்திரம் உண்டா என்ற மூன்றையும், சீக்கி ரஃபிக்கியை நினைத்துக்கொண்டு, விடாமல் கேளுங்கள்.

அடிக்கடி நேரும் தவறுகள்

புதுப் பெயிண்டை நம்புவது முதல் தவறு. விற்பனைக்கு முந்திய வாரத்தில் அடித்த பெயிண்ட் எதையோ மறைக்கவே அடித்தது என்று எடுத்துக்கொண்டு, அந்தப் படகை இருமடங்கு நேரம் தட்டுங்கள். நல்ல எஞ்சினுக்காகக் கெட்ட உடலை வாங்குவது இரண்டாவது. விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படும் மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, பட்டறைகளில் கூட்டம் என்பதை மறந்து, ஒரு வாரத்தில் பழுது முடிந்துவிடும் என்று வட்டிக்கு வாங்கிய பணத்தைப் போடுவது மூன்றாவது. நான்காவது பழவேற்காட்டுக்கே உரியது: அங்குள்ள ஏரியில் மீன்பிடிக்கும் உரிமை 'பாடு' என்ற பரம்பரை முறைப்படி ஊர்களுக்குள் பங்கிடப்பட்டிருக்கிறது. படகு வாங்கியவுடன் அந்த உரிமையும் வந்துவிட்டதாக வெளியூர்க்காரர் நினைத்தால், சண்டையில்தான் முடியும்.

அபாயங்கள்

சோதனை ஓட்டத்துக்குப் போகும் ஒவ்வொருவரும், கரையோரந்தானே என்று சொல்லாமல், உயிர்காப்பு அங்கி அணிய வேண்டும். 2011 டிசம்பர் 25-ஆம் தேதி பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகேறியவர்களில் 22 பேர் மூழ்கிப் போனார்கள். அளவுக்கு மீறிய கூட்டம், அங்கி இல்லை. அதன்பின் அங்கே சுற்றுலாப் பயணிகளை ஏற்றுவது தடை செய்யப்பட்டது. ஆகவே "சனி, ஞாயிறு சவாரி விட்டால் விலையை எடுத்துவிடலாம்" என்று விற்பவர் கணக்குக் காட்டினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பழுது வேலையைத் தாமே செய்ய விரும்புகிறவர்கள் மூன்று விதிகளை மீறக் கூடாது. ரெசினை இறுகச் செய்யும் கேட்டலிஸ்டையும் ஆக்சிலரேட்டரையும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதை விட வேண்டும். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். இழையைத் தேய்க்கும்போது மூக்குக்கு மாஸ்க் வேண்டும். ஓர் உபரிக் குறிப்பு: மிதவை அறையில் தெர்மகோலை வைத்து அதன்மேல் நேரே பாலியஸ்டர் ரெசினைப் பூசினால், தெர்மகோல் கரைந்து காணாமற் போகும்.

பணம் கைமாறும் வரிசை

1. பதிவுச் சான்றின் அசலைப் பாருங்கள். அதிலுள்ள எண்ணும் படகின் உடலில் எழுதிய எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மீன்பிடிப் படகுக்கு மீன்வளத்துறைப் பதிவும், 1983-ஆம் வருஷத்திய தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உரிமமும் தேவை.
2. படகின்மேல் வங்கிக் கடனோ சங்கக் கடனோ உண்டா என்று கடன் கொடுத்திருக்கக்கூடிய இடத்திலேயே விசாரியுங்கள்.
3. நிவாரணத்திலோ மானியத்திலோ வந்த படகு என்றால், விற்க நிபந்தனை ஏதும் உண்டா என்பதை மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.
4. அட்வான்ஸ் ரசீதில், சோதனை ஓட்டத்தில் கசிவு கண்டால் பணம் திரும்பும் என்று எழுதி வாங்குங்கள்.
5. சோதனை ஓட்டம் முடிந்து படகைக் கரையேற்றிய பின், மிதவை அறைகளின் மூடியை மறுபடி திறந்து, காய்ந்த துணியால் உள்ளே துடைத்துப் பாருங்கள். துணி நனையாவிட்டால் பாதிப் பணம். பெயர் மாற்றம் ஆனபிறகு மீதி.